அந்தமான் தந்திக்கு அடித்த மேளம்

ஆஸ்டின் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது.

"அந்தமான்லருந்து தந்தி வந்துச்சு. அழுது முடிச்சப்புறம்தான் படிச்சோம்."

"இன்னாக்கா, படிக்காமலா அழுதீங்க?"

"தம்பி அங்கதான இருக்கான். தந்தின்னாலே சாவு சேதிதான். பக்கத்து வீட்டுக்காரர் மேளத்துக்கே சொல்லிட்டாரு. படிச்சுப் பார்த்தா, தம்பி எலெக்சன்ல ஜெயிச்சிருக்கான். இத்தனை வருஷமா அந்தத் தீவுல ஆபீசருங்க வெச்சதுதான் சட்டம். இப்பதான் மொத மொதல்ல ஜனங்க ஓட்டுப் போட்டு முனிசிபாலிட்டி. அதுல இவன் மெம்பரு."

"மேளக்காரங்களைத் திருப்பி அனுப்பிட்டீங்களா?"

"எதுக்கு? அடிக்கச் சொன்னோம். தெருவே ஆடிச்சு."

"நல்ல சேதிக்குச் சாவு மேளமாக்கா?"

நான் இறங்கவேண்டிய ஸ்டாப் போய்விட்டது.

"ஆபீசருங்க ராஜ்யம் செத்துப்போச்சில்ல. அதுக்கு யாரு அடிக்கிறது?"