வீட்டு நம்பர் கட்டாயம்

உங்க காபி நல்லாயிருக்கு, இன்ஸ்பெக்டர். கொஞ்சம் பொறுத்துக் குடிங்க, வண்டல் அடியில தங்கட்டும்.

என் வேலை என்னன்னு கேட்டீங்க. வெப்சைட்டுல ஜனங்க விவரம் நிரப்பி அனுப்புவாங்க. அது சரியா இருக்கான்னு பாக்குற விதியை நான் எழுதுவேன். பேர் காலியா இருந்தா திருப்பி விடு. பிறந்த தேதி நாளைக்குன்னு இருந்தா திருப்பி விடு. அவ்வளவுதான். விதிக்கு யார் மேலயும் கோவம் கிடையாது.

இது நாடு முழுக்க நுரையீரல் நோயாளிங்க வீட்டுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் அனுப்புற சைட். விலாசம் தெளிவா இல்லைன்னு டிரைவருங்க புலம்பிக்கிட்டே இருந்தாங்க. அதனால ஒரு விதி எழுதினேன்: வீட்டு நம்பர்னா எண் இருக்கணும். நியாயந்தானே. மலைப்பக்கம் பாதி வீட்டுக்கு நம்பரே கிடையாது, அந்த இடத்துல நம்பர் இல்லைங்கறதுக்கு 'பெபெ'ன்னு போட்டுக்குறோம். உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ரட்டிமிர் எங்க டீம் லீடர். மலைப்பக்கக் கிராமத்துல அவங்கம்மா இருக்குற வீட்டு ஸ்லாவாவுக்குப் போனேன். குடும்பப் புனிதரோட விருந்துக்கு யாரும் யாரையும் கூப்பிடுறதில்லை, கதவு திறந்திருக்கும், தெரிஞ்சவங்க போவோம். நான் தெக்க, மிளகா விளையுற வ்ரான்யே பக்கத்து ஆளு; வேலை பாக்குற நோவி சாட்ல எனக்குப் போக வேற வீடு இல்ல. அவன் என்ன சொன்னான் தெரியுமா, அத்தனை பேர் முன்னாடி?

"டேய் மிளகா மூட்டை, உன்னை யார்ரா கூப்பிட்டது? தெக்கத்திக்காரனுக்குக் கறி வாசனை வ்ரான்யே வரைக்கும் வருமோ?"

எல்லாரும் சிரிச்சாங்க. அவங்கம்மா டெசங்காவும் சிரிச்சாங்க, மூக்குல ஆக்ஸிஜன் குழாயோட. அப்புறம் வர்றவங்களுக்கெல்லாம் குடுக்குற சர்க்கரை போட்ட கோதுமையை ஒரு ஸ்பூன் நீட்டினாங்க. "சாப்பிடுப்பா, அவன் வாய் அப்படித்தான்."

சாப்பிட்டேன். வெளிய வரும்போது கேட்டைப் பாத்தேன். நம்பர் இல்ல.

அதுக்கப்புறம் நான் எழுதின அந்த விதியைச் சரிபாத்து ஓகே சொன்னது ரட்டிமிர்தான். படிக்கவே இல்ல. "டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டுதுல்ல? விடு, விடு."

பனி கொட்டின வாரம், சிலிண்டருக்கு விவரம் நிரப்பும்போது அவங்கம்மா ஆபீஸுக்கு அவனுக்குப் போன் பண்ணினாங்க. நான் பக்கத்து மேஜையில இருந்தேன்.

"நம்பர் கேக்குதா? ஏதாவது போடும்மா. ஒன்னுன்னு போடு. டிரைவர் விசாரிச்சு வந்துடுவான்."

அந்த ஊர்ல ஒன்னாம் நம்பர் வீடு சர்ச்சுக்கு அந்தப் பக்கம். பட்டணத்துக்காரங்க லீவு வீடு, குளிர்காலத்துல பூட்டித்தான் கிடக்கும். நான் மேப்புல பாத்து வெச்சிருந்தேன். ஆள் இல்லைன்னா டிரைவர் வாசல்ல இறக்கி போட்டோ எடுத்துட்டுப் போயிடுவான். என் ஸ்கிரீன்ல 'கொடுத்தாச்சு'ன்னு வந்தது.

அவங்க மறுபடி போன் பண்ணினாங்க. "வந்தாச்சுன்னு காட்டுதும்மா, வாசல்ல நல்லாப் பாரு, பனியில மூடியிருக்கும்"னான். அவங்க எந்திரிச்சுப் போய்ப் பனியைத் தள்ளிப் பாத்திருக்காங்க. வாசல்லதான் கிடந்தாங்களாம்.

நான் நாற்காலியைத் திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்னு நீங்க நினைக்கிறீங்க. என்னை அங்க யாரும் கேக்கல. கேக்காத இடத்துல நான் இப்பல்லாம் நுழையறதில்ல.

அவங்களை நான் கொல்லல. மகன் சொன்ன நம்பரை அவங்களே போட்டாங்க. என் விதி ஆள் பாக்காது, எல்லாருக்கும் ஒன்னுதான்.

விதியில எந்த வரியைக் கேக்குறீங்க? ஓ, அதுவா. அது ஒரு சின்ன விலக்கு. வ்ரான்யே பக்கத்துல ஒரே ஒரு கிராமத்துக்கு மட்டும் 'பெபெ'ன்னு போட்டாலும் விட்டுடும்.

அங்க எங்கம்மா இருக்காங்க. அவங்களுக்கும் சிலிண்டர் வேணும்ல.