ரெண்டு மணிக்கு வண்டி எடுக்கணும்

— எக்ஸ்ரேன்னா சொன்னீங்க?

— ஆமாக்கா. அம்மாவுக்கு. உள்ள போயிருக்காங்க.

— நேத்தும் அம்மாதான் உள்ள போயிருந்தாங்க.

— நேத்து... நேத்து ரத்தம் எடுத்தாங்க.

— முந்தாநாள்?

— ஏங்க்கா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?

— இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரருக்கு இந்த வாரம் பூரா டெஸ்ட்டு. அவரு உள்ள, நான் வெளிய. போறவங்க வர்றவங்களைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க இதே நாற்காலி, இதே டிபன் பாக்ஸ். ஒரு அம்மாவும் உங்ககூட வெளிய வரல. இப்ப எதுக்குக் கையைப் பைக்குள்ள விட்டீங்க?

— சும்மா.

— விரல்ல மாட்டுற மிஷின்தானே? எவ்வளவு காட்டுது?

— ...நாடி எண்பத்தெட்டு.

— நல்லாத்தானே இருக்கு!

— இருக்கு. ஆனா நடுவுல ஒரு துடிப்பு விட்டுப் போச்சு. அதை இது காட்டாது. எனக்குத்தான் தெரியும்.

— துடிப்பு சரியாகணும்னு நெஞ்சுக்குள்ள சுட்டாங்களா?

— எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— சுட்டவங்கதான் இப்படி உக்காருவாங்க. அவசரப் பிரிவு கதவைப் பாத்தாப்புல, ஷாக் குடுக்குற பெட்டிக்குப் பக்கத்துல. எங்க வீட்டுக்காரருக்கும் அதேதான். தொடை வழியா ஒயர் விட்டு...

— நெஞ்சுல தப்பா கரன்ட் விடுற இடத்தைத் தேடி...

— சுட்டுட்டு, தையல்கூடப் போடாம அனுப்பிட்டாங்க. எத்தனை மாசம் ஆச்சு?

— மூணு மாசம், ஒன்பது நாள்.

— எத்தனை மணி நேரம்னும் சொல்லிடுங்க.

— கிண்டல் பண்ணாதீங்கக்கா. டாக்டர் தெளிவாத்தான் சொன்னாரு. பெரிய கோளாறு போயிடுச்சு, அப்பப்ப ஒன்னு ரெண்டு துடிப்பு தாவுறது சகஜம், பயப்படாதீங்கன்னு. வேலைக்குப் போகலாம்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டாரு.

— அப்புறம் என்ன?

— பயப்படாதீங்கன்னாரு. எப்படின்னு சொல்லல.

— அது சரி. என்ன வேலை?

— பஸ் டிரைவர்.

— ஓ...

— இந்த ‘ஓ’வுக்குத்தான் நான் பயப்படுறேன்.

— வாய் தவறி வந்துடுச்சு தம்பி. நீங்க சொல்லுங்க.

— இன்னிக்கு ரெண்டு மணிக்கு டிப்போவுல வண்டி எடுக்கணும். பக்கத்துல ஆபீசர் உக்காருவாரு. ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டணும். ஏற்கெனவே ரெண்டு தேதி குடுத்தாங்க, ரெண்டுக்கும் போகல. இதுதான் கடைசி. போகலேன்னா ஸ்டோர்ல டயர் எண்ணுற வேலை, ரிட்டயர் ஆகுற வரைக்கும்.

— வீட்டுல தெரியுமா?

— அவ, நான் திங்கக்கிழமையே வண்டி எடுத்துட்டேன்னு நினைச்சுட்டு இருக்கா. காலையில டப்பா கட்டிக் குடுக்குறா. சாயங்காலம் போனா, இன்னிக்குக் கூட்டமான்னு கேக்குறா.

— நீங்க?

— கூட்டம்தான்னு சொல்றேன். பொய்யில்லையே. இந்த ஹாலைப் பாருங்க.

— அடேயப்பா! நல்லா சமாளிக்கிறீங்க. வண்டியில அப்படி என்னதான் பயம்?

— அன்னிக்குப் பாலத்து மேல போயிட்டு இருக்கேன்... நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி. கண்ணு இருட்டுது. ஓரமா நிறுத்தி, இண்டிகேட்டர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, கதவைத் திறந்து விட்டு, அப்புறம்தான் சாஞ்சேன்.

— முறைப்படி மயங்கியிருக்கீங்க.

— பின்னாடி நாப்பத்தி மூணு பேரு இருந்தாங்கக்கா. ஒருத்தரு தண்ணி குடுத்தாரு. மிச்சப் பேரு, அடுத்த வண்டி எப்பன்னு கேட்டாங்க.

— சொன்னீங்களா?

— பன்னெண்டு நிமிஷம்னு சொல்லிட்டுத்தான் மயங்கினேன்.

— நீங்களே பரவாயில்ல. எங்க வீட்டுக்காரர் கூத்தைக் கேட்டா இங்கயே உருண்டு சிரிப்பீங்க. அவருக்குத் தையல் வேலை. ஒருத்தருக்கு பேன்ட்டுக்கு அளவெடுக்குறாரு. ஒரு கையில டேப்பு. இன்னொரு கை எங்க இருக்கும்?

— கழுத்துல. நாடி எண்ணிட்டு.

— ஆங்! அந்தாளுக்கு இடுப்பு எண்பத்தாறு சென்டிமீட்டர். நோட்டுல நூத்திப் பன்னெண்டுன்னு எழுதி, அப்படியே வெட்டித் தைச்சாச்சு.

— நூத்திப் பன்னெண்டு யாரோடது?

— நாடியோடது.

— ஐயோ... அக்கா... வேணாம்... சிரிச்சா தாவும்...

— அந்தாளு போட்டுப் பாத்துட்டு, ‘இதுக்குள்ள என்கூட வர்றவரு எப்ப வருவாரு?’ன்னு கேட்டாரு.

— போதும்க்கா!

— அதோட விட்டுச்சா? ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. அதுவே தூரமாம். காலி பண்ணிட்டு, இந்த ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர் மாடிக்குக் குடி வந்தாச்சு. ஜன்னலோரம் தையல் மிஷின். மிதிக்கிறது, எட்டிப் பாக்குறது. மிதிக்கிறது, எட்டிப் பாக்குறது.

— எதை?

— ஆம்புலன்ஸ் நிக்குதான்னு. அது எங்கயாவது போயிட்டா, திரும்பி வர்ற வரைக்கும் ஊசியில நூல் கோக்குறதில்ல.

— தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் சரியான பயந்தாங்கொள்ளி.

— ...ஆமா.

— கோவமா?

— எதுக்குக் கோவம்? நானே தினமும் சொல்றதுதான்.

— அக்கா... இருங்க. தாவுது. இதோ... ஒன்னு விட்டுடுச்சு... இன்னொன்னு... சிஸ்டரைக் கூப்பிடுங்க!

— மயக்கம் வருதா?

— இல்ல.

— நெஞ்சு வலி? மூச்சு வாங்குதா?

— இல்ல.

— டாக்டர் எது வந்தா ஓடி வரச் சொன்னாரு?

— இந்த மூணுல எது வந்தாலும். இல்லேன்னா, தாவுறது நிக்காம ஓடினா.

— இப்ப வந்திருக்கா?

— வரல. ஆனா...

— அப்ப சிஸ்டர் பாவம், விடுங்க. இந்த வாரம் நாலு தடவை ஈசிஜி எடுத்துட்டாங்க உங்களுக்கு. நாலாவது தடவை நீங்க மிஷின் ரிப்பேர்னு சொன்னீங்க பாருங்க, அவங்க மூஞ்சியை நான் பாத்தேன்.

— ரிப்பேரா இருக்கலாம்லக்கா...

— பஸ்ஸு நிக்கிறப்ப, இன்ஜின் ஓடிட்டு இருந்தா, உங்க சீட்டு எப்படி இருக்கும்?

— ஆடும். சீட்டு, ஸ்டியரிங், கண்ணாடி, என் பல்லு... எல்லாம் ஆடும்.

— அந்த ஆட்டத்துல ஒன்னு தாவினா தெரியுமா?

— ...தெரியாது.

— இங்க சும்மா உக்காந்து அதையே கேட்டுட்டு இருந்தா, அது ஊர்க்கதையெல்லாம் சொல்லத்தான் செய்யும்.

— நின்னுடுச்சுக்கா.

— எது?!

— தாவுறதுதான்! நீங்க ஏன் பதறுறீங்க?

— இல்ல... சும்மா. தண்ணி குடிங்க.

— அவரு எப்படிச் சரியானாரு?

— யாரு?

— உங்க வீட்டுக்காரருதான்.

— ஆங்... அவரு... ஒருநாள் எழுந்து போனாரு.

— எங்க?

— ஆத்துக்கு அந்தப் பக்கம். தங்கச்சி வீட்டுக்கு. ஆஸ்பத்திரின்னு ஒன்னு கண்ணுல படாது அங்க. பஸ் ஏறிப் போயி, பொழுது சாயுற வரைக்கும் இருந்துட்டு வந்தாரு.

— தாவலையா?

— தாவிச்சாம். தாவினா தாவட்டும்னு உக்காந்திருந்தாராம். தங்கச்சி இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொன்னாளாம். சாப்பிட்டாராம்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவேதான்.

— கேக்க சுலபமா இருக்கு.

— மணி ஒன்னு இருபது. இங்கேர்ந்து டிப்போ?

— கால் மணி நேரம்.

— டிபன் பாக்ஸை எடுங்க.

— எடுக்குறேன்... எடுத்துட்டேன். பாருங்க, எழுந்து நின்னுட்டேன்.

— பாத்துட்டுத்தானே இருக்கேன். நடங்க.

— அவரு எந்த ரூம்ல இருக்காருக்கா? ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன். பயந்தாங்கொள்ளின்னு வேற சொல்லிட்டேன்.

— நாலாம் ரூமு... வேணாம் தம்பி, டெஸ்ட்டு நடக்குது.

— கதவு தெறந்துதான் இருக்கு. ஒரே நிமிஷம்.

— தம்பி, சொன்னா கேளுங்க! தம்பி... உள்ள போயிட்டாரே!

— அக்கா.

— ம்.

— உள்ள தரை துடைக்கிறாங்க. காலையிலேர்ந்து அந்த ரூமுக்கு யாருமே வரலையாம். உங்க வீட்டுக்காரர் எங்கக்கா?

— எனக்கு ஏது தம்பி வீட்டுக்காரர்? நேரமாச்சு, நீங்க கிளம்புங்க. சுட்டது என் நெஞ்சுல. அளவைத் தப்பா எழுதினது நான், எதிர் மாடிக்குக் குடி வந்ததும் நான். சொன்னது எல்லாமே நடந்ததுதான்... அந்த ஆத்தைத் தாண்டிப் போனது மட்டும் இன்னும் நடக்கல.