எதிர்வாசல் விளக்கு

ரொம்ப காலத்துக்கு முன்னால, பாறைக்குளத்துல கரண்டுக் கம்பம் நட்ட புதுசு. அந்த ஊர்ல உலகம்மைன்னு ஒருத்தி இருந்தாளாம். எதிர்வீட்டுல அவ கொழுந்தன் பொண்டாட்டி வடிவு. தெருவுக்கே முதல் விளக்கு வடிவு வாசலுக்குத்தான் வந்துச்சாம்.

பொழுது சாஞ்சா அந்த வாசல் தகதகன்னு எரியும். இங்க உலகம்மை வயிறு எரியும். சோறு பொங்கினாலும் அந்த விளக்கு நினைப்பு. தலை வாரினாலும் அந்த விளக்கு நினைப்பு. கடைசியில தன் வாசல்ல ஓலைத்தட்டியைக் கட்டி மறைச்சுட்டாளாம்.

"என்ன யக்கா, பொழுது சாஞ்சப்புறம் வெயிலுக்குத் தட்டியா?"ன்னா வடிவு.

"ஆமாட்டி, உன் வீட்டுச் சூரியன் கண்ணைக் குத்துது."

மறைச்சவ சும்மா இருந்தாளா? ஓலை இடுக்கு வழியா எட்டி எட்டிப் பாப்பாளாம்.

ஒரு அந்தியில, ஆம்பிளைக சந்தைக்குப் போயிருந்தப்ப, உலகம்மை வாசல்ல கட்டியிருந்த சிவலைப்பசுவுக்கு ஈத்து வலி வந்துச்சு. அந்தப் பசுதான் அந்த வீட்டுக்குச் சோறு. கன்னு ஒரு கால் வெளியில தெரியுது, மத்தது உள்ள மடங்கிக் கிடக்கு. காத்துல சிமினி விளக்கு நிக்கல. பசு கழுத்தைத் தரையில போட்டுருச்சு.

உலகம்மை பசுவைப் பாத்தாளாம். தட்டியைப் பாத்தாளாம். பசுவைப் பாத்தாளாம். ரெண்டு கையாலயும் தட்டியைப் பிச்சு எறிஞ்சா.

"ஏட்டி வடிவு! உன் விளக்கை இங்கிட்டுத் திருப்புட்டி!"

வடிவு உரல்மேல ஏறி, விளக்கோட தகரக் குடையைத் திருப்பிவிட்டு ஓடி வந்தா. ஒருத்தி பசுவை அமுக்க, ஒருத்தி மடங்கின காலை நீட்ட, கன்னு வழுக்கிட்டு வந்து விழுந்துச்சாம்.

மூச்சு வாங்க உக்காந்தாங்க. "வீட்டுக்குள்ள போட வேண்டிய விளக்கை வாசல்ல எதுக்குட்டி போட்ட?"ன்னா உலகம்மை.

"பின்னாடி தொழுவம் இருக்க, நீ பசுவை வாசல்ல எதுக்கு யக்கா கட்டுன? நீ பால் கறக்கிற சத்தத்துல எனக்குச் சோறு இறங்கல. நீயும் கொஞ்சம் வயிறெரிஞ்சு பாருன்னுதான் போட்டேன்."

"அடிப்பாவி!" ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல கன்னு மிரண்டு எந்திரிச்சிருச்சாம்.

அத்தோட பொறாமை போயிருச்சான்னா, எங்க போக? கன்னு யார் கையால பிழைச்சதுன்னு சாகிற வரைக்கும் சண்டையாம். ஆனா தகரக் குடையை மட்டும் வடிவு மறுபடி திருப்பவே இல்ல.

அதனாலதான் இன்னைக்கும் அந்தத் தெருவுல வாசல் விளக்கெல்லாம் எதிர்வீட்டைப் பாத்து எரியுது. புதுசா வீடு கட்டினாலும், கரண்டு வேலைக்காரர் ஏணியில நின்னுக்கிட்டு, "எதிர்வீட்டுல மாடு எங்க கட்டுவாங்க?"ன்னுதான் கேப்பாராம். அங்க நிக்கிறது பைக்கா இருக்கும். ஆனாலும் கேப்பாராம்.