மருந்து பீரோவின் சாவி

துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் அடுத்தடுத்து வைக்கக் கூடாது, மேடம். அவசரத்தில் கை மாறிவிடும். நடுவில் ஒரு உளுந்து டப்பா இருந்தால் மாறாது. அன்றைக்கு நீங்கள் விசாரிக்க வந்தபோது எங்கள் அடுக்களையைப் பார்த்துவிட்டு, கூட வந்த போலீஸ்காரம்மாவிடம், "என்ன சுத்தமா வெச்சிருக்காங்க பாரேன்" என்று மெதுவாகச் சொன்னீர்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஹாலில் ஷாஹினாவைக் கிடத்தியிருந்த நேரம் என்பதால் நன்றி சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். வரிசையாகவே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சனாவுல்லாவும் அவர் தம்பி தப்ரேஸும் பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார்கள். விடியுமுன் கறி எடுக்கப் போனால் கடை சாத்தித்தான் வருவார்கள். என் மாமியார், மாமி ஜெய்தூன் பீவிக்குச் சர்க்கரை வியாதி. என் மகள் நர்கீஸ் பள்ளிக்கூடம், டியூஷன் என்று ஓடுகிறவள். ஆளுக்கொரு நேரத்தில் வந்து போகிற வீட்டில் யாரும் காய்ச்சல் என்று படுக்காமல் வைத்திருந்தது நான். தண்ணீர் கொதித்து ஆறித்தான் குடத்துக்குப் போகும். மாமிக்குச் சோற்றைக் குறைத்து வெஞ்சனத்தைக் கூட்டினேன். டாக்டரே என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

மருந்துகள் எல்லாம் ஹாலில் உள்ள சின்ன இரும்பு பீரோவில் இருக்கும். அதற்குப் பூட்டு உண்டு. நர்கீஸ் கைக்குழந்தையாக இருந்தபோது மாமியின் மாத்திரையை மிட்டாய் என்று வாயில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஒரு மாத்திரை வெளியே கிடந்தாலும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவேன். சாவி என் இடுப்புக் கொத்தில் இருக்கும். அன்றைக்கு மாமி என் தலையைத் தடவி, "நீ இருக்கவும்தான் ஆத்தா இந்த வீடு வீடா இருக்கு" என்றார். அப்படி ஒரு வார்த்தையை அதன்பிறகு அவர் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு தப்ரேஸுக்குக் கொடைரோட்டிலிருந்து ஷாஹினாவைக் கட்டி வந்தார்கள். அவளைப் பற்றிக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அவளுக்கு ஒழுங்கு தெரியாது, அவ்வளவுதான். கரண்டியைத் தேடிக்கொண்டே சமைப்பாள். ஈரத் துண்டைக் கதவில் போடுவாள். அவளுக்கு மூச்சிரைப்பு இருந்தது. வாயில் வைத்து அடிக்கிற இன்ஹேலரை ஃபிரிட்ஜ் மேல், ஜன்னலில் என்று கண்ட இடத்தில் வைப்பாள். நான் எடுத்து பீரோவில் பூட்டுவேன். கேட்டால் திறந்து கொடுப்பேன். "அது மட்டும் வெளிய இருக்கட்டும் மதினி" என்று தப்ரேஸ் சொன்னார். குழந்தை இருக்கிற வீடு என்றேன். நர்கீஸ் அப்போது எட்டாம் வகுப்பு. இருந்தாலும் குழந்தைதானே.

ஷாஹினா சிரிப்பாள். "ருக்சானாக்கா, நான் மவுத்தாகிப் போய்ட்டாக்கூட என்னைய ஒரு டப்பால போட்டுப் பேர் ஒட்டி அடுக்கிருவீங்க போல."

மாமி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

என் வீட்டுக்காரர் இத்தனை வருசமும் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவர். அவள் வைத்த தால்சாக் குழம்பை மட்டும் நிமிர்ந்து பார்த்து, "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். எண்ணெய் மேலே மிதந்த தால்சா. நர்கீஸ் சீப்பை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி அவளிடம் போவாள். "நீ இழுத்துப் பின்னுறம்மா. சாச்சி பின்னுனாத்தான் வலிக்காது." கலைந்த பின்னல். அதோடுதான் பள்ளிக்கூடம் போவாள்.

இதெல்லாம் பெரிய விசயம் இல்லை. நோன்புக் கஞ்சி அப்படி இல்லை. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த வருசத்திலிருந்து கஞ்சி காய்ச்சுவது நான். தெருவே வாங்கிப் போகும். இந்த வருசம் நோன்புக்கு முன்னால் மாமி, "ஏத்தா ருக்சானா, கஞ்சிய ஷாஹினா பாத்துக்கிறட்டும். நீ செத்த ஓய்வா இரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். "சரிங்க மாமி" என்றேன்.

நோன்பு வருமுன் வீடு முழுக்க ஒட்டடை அடித்துக் கழுவுவது எங்கள் வழக்கம். பரணில் இருக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கித் தட்டுவோம். அந்த நாளில் ஷாஹினாவை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அவளுக்குத் தூசி ஆகாது. இந்த முறையும் போகவா என்று கேட்டாள்.

"கஞ்சி நீதான காய்ச்சப் போற. எது எங்க இருக்குன்னு தெரிய வேணாமா? இரு, காட்டித் தாரேன்" என்றேன்.

"நீங்க சொல்லிக் குடுத்தா சரிதான்க்கா" என்றாள்.

ஆண்கள் கடையில். நர்கீஸ் பள்ளிக்கூடத்தில். மாமி சொந்தக்காரர் வீட்டில். ஃபிரிட்ஜ் மேல் இருந்த இன்ஹேலரை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். தினமும் செய்கிற வேலைதான். மெத்தையை வழக்கமாக மொட்டைமாடியில் தட்டுவேன். அன்றைக்கு வெயில் அதிகம் என்று ஹாலிலேயே தட்டினேன். ஒரு மெத்தை பிரிந்து பஞ்சு பறந்தது.

இரும ஆரம்பித்தாள். ஃபிரிட்ஜைத் தடவினாள். "அக்கா, என் பம்பு" என்றாள். அது இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது என்றேன். பீரோவுக்குப் போய்ப் பூட்டை இழுத்தாள். பேர்பெற்ற எங்கள் ஊர்ப் பூட்டு, இழுத்தால் வராது. சாவியைக் காணோம், தேடுகிறேன் என்று சொல்லி மெத்தைகளைப் புரட்டினேன். அடுக்களையிலும் பார்த்தேன். அங்கே வெந்தய டப்பா இடம் மாறியிருந்தது. சரி செய்தேன். திரும்பி வந்தபோது பூட்டைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் இரைப்பும் நின்றது.

பஞ்சைப் பெருக்கி அள்ளிவிட்டுத்தான் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டேன். ஆட்கள் வருவார்கள் என்று தெரியும்.

மெத்தைக் குவியலில் சாவி விழுந்துவிட்டது என்று உங்களிடம் முதலில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். மாமி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆனால் நீங்கள் என் வீட்டுக்காரரை விசாரித்தபோது நான் அடுத்த அறையில் இருந்தேன். அவர் சொன்னார்: "எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல மேடம். கல்யாணமான நாள்லருந்து எம் பொண்டாட்டி ஒரு ஊசியக்கூடத் தொலைச்சதில்ல. அவ எப்புடி சாவியத் தொலைப்பா?"

என்னைப் பற்றி அவர் வெளி ஆளிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதைப் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை. அவசரத்துக்குச் சாவியைத் தொலைத்தவள் என்ற பேரோடு அந்த வீட்டில் இருக்கவும் முடியாது.

சாவி விழவில்லை, மேடம். அவள் பூட்டைப் பிடித்திருந்த நேரமெல்லாம் என் இடுப்பில்தான் இருந்தது. இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அந்த வீட்டில் என் கையால் இதுவரை எதுவும் தொலைந்து போனதில்லை.