சின்ன மாடல் இல்லாத கார்

“தொரயோட புதுக் காருல ஒரு ஆள நீட்டிப் படுக்க வைக்கலாம்.”

யட்டியாந்தோட்டை பஸ்ஸில் முன் சீட்டில் இருந்து கேட்டது. சொன்னவர் தேயிலைத் தோட்டத்துத் துரையின் டிரைவர். பக்கத்தில் அவருடைய லயத்திலேயே, தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருக்கும் ஒருவர், தாடி மழிக்காத முகம்.

“எந்த ஊருக் கார்ண்ணே?”

“ஐரோப்பா. அங்கயே ரொம்பப் பேரு வாங்க மாட்டாங்களாம். மூணே மாடல்தான். சின்னது போடவே மாட்டாங்க.”

“நம்மளுக்கெல்லாம் ஏலாது, என்ன?”

“நம்மளுக்கா? பெரிய கிளாக்கருக்கே ஏலாது. கப்பல்ல வந்து எறங்குனதும் கட்டுற சுங்க டியூட்டிக்கு நம்ம லயத்த வித்தாலும் பத்தாது. லயமும் நம்மளது இல்ல.”

“தொர எத எடுத்தாரு?”

“பின்னுக்கு நீளமா எடம் உள்ளது. நாய் ரெண்டும் சொகமாப் படுத்துட்டு வரும்.”

“எப்ப வந்துச்சு?”

“தைப்பொங்கலுக்கு முந்தியே.”

பஸ் ஒரு வளைவைச் சுற்றி வந்தது.

“அப்ப எஞ்சம்சாரத்த ஆஸ்பத்திரிக்குக் கொழுந்து லொறியில ஏத்துனப்ப, அது பங்களாவுலதான் நின்னுச்சா?”

“நின்னுச்சு. தொரகிட்டப் போயி யாரு கேக்குறது? நோயாளின்னா நம்ம எப்பவும் லொறியத்தானே கூப்புடுறோம்.”

“நானும் லொறியத்தான் கூப்புட்டேன். கார் ஞாபகமே வரல.”

டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அண்ணே, அந்தப் பின்பக்கத்துக் கண்ணாடி தொறக்குமா?”

“தொறக்கும். ஏன்?”

“ஈரக் கொழுந்து சாக்குக்கு நடுவுல படுத்துக்கிட்டு, வழி பூரா காத்து வேணும், காத்து வேணும்னுதான் கேட்டா. பாலம் தாண்டுன பொறகு கேக்கல.”