இரண்டு தளங்களும் முதன்மையான சனிக்கிழமை

என் பெயர் ஜனார் சேய்த்கலியேவா, வயது முப்பத்தெட்டு, அல்மாத்தியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் குடியிருக்கிறேன். இரத்த வங்கியின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேரம் போகிறது.

எங்கள் முதன்மைத் தளம் அல்மாத்தியில். அதில் பதிவதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும் மாற்றுத் தளம் கரகண்டாவில். பராமரிப்புக்காக இன்று காலை இரண்டும் பொறுப்பு மாறுவதாகத் திட்டம். இங்குள்ளதை நான் முதன்மை நிலையிலிருந்து இறக்கி, தொலைபேசியில் சொன்ன பிறகுதான் அங்குள்ளதை அங்கே வேலை பார்க்கும் துலேகென் முதன்மையாக ஏற்ற வேண்டும்.

தொடங்கும் முன் எங்கள் தலைவர் கைரோல்லா தேநீரும் பௌர்சாக் என்ற பொரித்த மாவுருண்டையும் வரவழைத்து, "பெரியவன் நான் இருக்கேன், ஆசி வாங்காமலா கை வைப்பீங்க?" என்றார். நாங்கள் உள்ளங்கைகளை விரித்து நின்றோம். அந்த நிலையில் யாரும் எதையும் தொடுவதில்லை. ஆசி வங்கியில் தொடங்கி, நாட்டைச் சுற்றி, அவர் மகளின் புது வீடுவரை போனது. ஒலிபெருக்கியில் துலேகெனும் கேட்டுக்கொண்டிருந்தான். ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டோம். எங்களிடையே ஆமீன் சொன்னால் வேலை தொடங்கிவிடும். அவனும் தொடங்கிவிட்டான்.

"அக்கா, ஏத்திட்டேன்."

"டேய், நான் இன்னும் இறக்கவே இல்லையேடா!"

"பெரியவர் ஆமீன் சொல்லிட்டாரே அக்கா. முதல்ல அது மறுத்துச்சு, நான்தான் கட்டாயப்படுத்தி ஏத்தினேன்."

இப்படி இரண்டுமே முதன்மையாகிவிட்டன. மருத்துவமனைகளின் திரைகளும் கிடங்கின் திரையும் கரகண்டா தளத்துக்கு மாறிவிட்டன. எங்கள் ஆய்வகத்தில் ஷோல்பான் மட்டும் பழையதில் பதிந்துகொண்டிருந்தாள். முதலில் தேறிக் கிடங்குக்குப் போய், பிறகு மறுசோதனையில் தேறாத இரத்தப் பைகளை விலக்கச் சொல்லி அவள் அதில்தான் பதிந்தாள். கருவியால் பட்டைக்குறியீட்டைத் தொட்டுப் பதிவதால் எண்கள் அவளுக்கு நினைவில்லை.

அதன் பிறகு பழையதை நிறுத்தி, அந்தப் பதிவுகளை எடுத்து மறுபக்கம் சேர்க்க உட்கார்ந்தேன். அதற்குள் தலைவர் பயந்துபோய், துலேகென் நாசவேலை செய்தான் என்று போலீசாரான உங்களுக்குத் தகவல் கொடுத்தார். நீங்கள் வந்து இயந்திர அறைக்கு முத்திரை வைத்தீர்கள். ஆசியே கொடுக்கவில்லை என்று அவர் இப்போது சொல்வது பொய். எனக்கு ஆத்திரமாக வருகிறது. துலேகென் அவசரக்காரன், கெட்டவன் இல்லை.

அவனை நாளை விசாரிக்கலாம். கெட்ட பைகள் எவை என்பது அந்தப் பூட்டிய அறைக்குள் மட்டுமே இருக்கிறது. இங்கு வருமுன் கிடங்குக்குப் பேசினேன். "திரையில நல்லதுன்னுதானே காட்டுது, ஆபரேஷன் டேபிள்ல ஆள் கிடக்குறப்ப எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றியா?" என்றார்கள். பிரசவ மருத்துவமனைக்கு வண்டி மதியம் கிளம்பும்.

நான் சொன்னது எதிலும் பொய்க் கலப்பில்லை.

விசாரணை அதிகாரியின் குறிப்பு: வாசித்துக் காட்டியதும் சரி என்றார். கையெழுத்துக் கேட்டதற்கு, "வந்து எத்தனை வேணா போடுறேன் சார், முதல்ல அறையைத் திறங்க" என்று சொல்லி வெளியே போய் எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டார். முத்திரையை உடைக்க நானும் உடன் போவதால் கையெழுத்து இடம் காலியாக விடப்படுகிறது.