நிலாவா, வாய்க்காலா?

நிலவுக்கும் வெட்டிய மரத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். உடனே பதில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு சின்னக் கதை சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

தென்காசிப் பக்கம் ஒரு ஊர். மாடத்தி, அவள் கணவன் வெயிலுமுத்து, ஆறு ஆடுகள். ஒருநாள் ஆட்டுக்கொட்டகை சரிந்து விழுந்தது. உள்ளே சினை ஆடு ஒன்று செத்துப்போனது. கூரை மூங்கிலைப் பார்த்தால்... வண்டு துளைத்து, தட்டினால் மாவாகக் கொட்டுகிறது.

அந்த மூங்கிலை வெட்டியவள் மாடத்தி. வெட்டிய நாள், பௌர்ணமி.

"ஏட்டி, படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா? அமாவாசையை ஒட்டி வெட்டுன்னு! நெறஞ்ச நிலாவுல கம்புல நீர் ஏறி நிக்கும், வண்டு வரும். ஆட்டைக் கொன்னது உன் அரிவாள்தான்!" என்று கத்தினான் வெயிலுமுத்து.

ஆட்டைக் கொன்றது அவளா? அந்தச் சொல் அவளுக்குள் தைத்துவிட்டது. ஆனால் அவள் அழவில்லை. "சரி, பாத்துருவோம்" என்றாள்.

பௌர்ணமியில் பத்துக் கம்பு வெட்டினாள். தச்சு ஆசாரி மறுநாளே வந்து பாதிக் கூரையில் ஏற்றினார். அடுத்து, அமாவாசைக்கு முதல் நாள் பத்துக் கம்பு. அது மீதிக் கூரைக்கு.

ஒரு வருடம் போனது. பௌர்ணமிப் பக்கம் மாவு கொட்டியது. அமாவாசைப் பக்கம்... சுத்தம்!

வெயிலுமுத்து துண்டை உதறித் தோளில் போட்டான். "இப்ப என்ன சொல்லுத?"

என்ன சொல்வாள்? நாமாக இருந்தால் என்ன சொல்வோம்? ஒப்புக்கொண்டிருப்போம். மாடத்தி நாட்களை எண்ணிப் பார்த்தாள். அந்த ஊரில் அமாவாசையன்று ஆசாரி உளி எடுக்கமாட்டார். அதற்கடுத்து அம்மன் கோயில் கொடை விழா. அதற்கப்புறம் ஆசாரிக்குக் காய்ச்சல். அதுவரை வெயிலில் கிடந்தால் வெடித்துவிடும் என்று, கம்புகளை அவளே வாய்க்கால் தண்ணீருக்குள் அமுக்கி, மேலே கல்லை வைத்திருந்தாள். இருபது நாள்!

"என்னங்க, அந்தக் கம்பு தண்ணியில கெடந்துச்சே?"

"அப்ப நிலா இல்ல, தண்ணிதாம்னு சொல்லுதியா?"

"தெரியலன்னு சொல்லுதேன்."

மறுபடி வெட்டினாள். பௌர்ணமிக் கம்பு இருபது, அமாவாசைக் கம்பு இருபது. இரண்டிலும் பாதியைத் தண்ணீரில் ஊறப்போட்டாள், பாதியை அப்படியே காயவிட்டாள். நான்கு கட்டு. நாலுக்கும் நாலு நிறத்தில் துணி.

"இது ஆட்டுக்கொட்டகையா, பரீட்சை ஹாலா?" என்று கேலி செய்தான் வெயிலுமுத்து. ஆனால் தினமும் போய்த் தட்டிப் பார்த்தவனும் அவன்தான்.

அடுத்த வருடம் இருவருமாக எண்ணினார்கள். ஊறிய கட்டு இரண்டிலும் ஒரு துளை இல்லை. ஊறாததில், பௌர்ணமிக் கம்பு பத்தில் எட்டு போயிருந்தது. அமாவாசைக் கம்பு... பத்தில் ஆறு.

"பாத்தியா! ரெண்டு கம்பு கொறச்சல்லா?"

"கொறச்சல்தான். அது நிலா செஞ்சதா, சும்மா அமைஞ்சதா? பத்துக் கம்பை வச்சு எப்படிச் சொல்ல?"

"அப்ப... நூறு வெட்டணுமோ?"

"நூறு வெட்டுனா மூங்கில் தூரே மிஞ்சாது."

வெயிலுமுத்து அந்த அமாவாசைக் கம்பைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். உள்ளங்கையெல்லாம் மாவு. பிறகு சொன்னான்: "நான் சொன்ன நாள்ல நீ வெட்டியிருந்தாலும்... கொட்டகை விழுந்துதான் இருக்கும், என்ன?"

இரண்டு வருடமாக மாடத்தி காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

நண்பர்களே, நிலவை நம்பாதீர்கள் என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. அந்த இரண்டு கம்புக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் 'இந்த நாளில் செய்தாய், அதனால்தான் இப்படி ஆனது' என்று யாராவது உங்களைப் பார்த்துக் கை நீட்டினால்... அந்த நாளில் வேறு என்னவெல்லாம் நடந்தது என்று கேளுங்கள். நீங்கள் கை நீட்டுகிறவராக இருந்தால், நீட்டுவதற்கு முன்பே கேளுங்கள். தெரியாது என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. தெரியாத ஒன்றை வைத்து ஒரு மனுஷியைக் குற்றவாளி ஆக்குகிறோமே... வெட்கப்பட வேண்டியது அதற்குத்தான்.